கடலுக்குத் திரும்புதல்

1961ஆம் ஆண்டில் கனடா தேசத்தின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் ஓரமாக ஓடும் சீமோர் என்ற குறுகிய நீரிணையை நோக்கி, அந்நாட்டு மீன்வளத் துறையினர் ஓர் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்திவைத்தார்கள். பகைவர் கப்பல் எதையும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை. சால்மன் மீன்களைத் துரத்திக்கொண்டு அவ்வழியே கூட்டங்கூட்டமாக வரும் ஓர்க்காக்களைப் பொறுக்கமாட்டாமல் மீன்பிடிக்க வருவோர் செய்துகொண்ட முறையீட்டுக்குச் செவிசாய்த்து, அவற்றைச் சுட்டு விரட்டுவதென்று அதிகாரிகள் நிச்சயித்திருந்தார்கள். அந்தத் துப்பாக்கி ஒரு முறையும் சுடப்படவில்லை என்பது நமக்கு ஆறுதல் தருகிறது. எனினும், கறுப்பும் வெளுப்புமான அந்தப் பெருஞ்ஜீவனைக் கொலைத் திமிங்கிலம் என்ற பெயராலேயே அறிந்து, அதைக் கண்டால் அஞ்சுவதும் கொல்வதுமே இயல்பு என்று கருதிய ஒரு காலத்தின் மனோபாவத்துக்கு அது போதிய சாட்சி.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1964 ஜூலையில், வான்கூவர் நகரத்து மீன்காட்சிச்சாலையில் ஓர்க்காவின் முழு அளவுச் சிலை ஒன்றை வைக்க விரும்பிய அதன் தலைவர் மர்ரே நியூமன், சாமுவேல் புரிச் என்ற சிற்பியை அழைத்து, மாதிரிக்காக ஒரு பிராணியைக் கொன்று கொண்டுவரும் பொறுப்பை ஒப்படைத்தார். சட்டுர்னா தீவின் முனையில் காத்திருந்து எறிந்த ஈட்டி ஓர் இளம் ஓர்க்காவின் மீது பாய்ந்தது. ஆனால் அது சாகவில்லை. அதன் கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு ஓர்க்காக்கள், தப்பி ஓடுவதை விட்டு, அடிபட்டதன் அருகே வந்து, அது மூச்சு வாங்கும்பொருட்டு அதை நீரின் மேல்மட்டத்துக்கு ஏந்திப் பிடித்தன. முடிவில் அதைக் கொல்லாமல் உயிரோடு கொண்டுபோவதென்று தீர்மானித்தார்கள். ஈட்டியின் கயிற்றோடேயே நகரத்துக்கு இழுத்துவந்து, கடலை ஒட்டி அடைப்பு ஒன்று கட்டி, பெண் என்று எண்ணி மோபி டால் என்று பெயரிட்டு வைத்துக்கொண்டார்கள். அது ஆண் என்பது இறந்த பிறகுதான் தெரிந்தது. ஐம்பது நாட்களுக்கு மேல் இரை எதையும் தொடாமல் கிடந்த அந்தப் பிராணி, ஒரு நாள் மனிதன் கையிலிருந்த மீனை மெதுவாக வாங்கி உண்டது. அக்டோபர் மாதத்தில் இறந்தும்போயிற்று. ஆனால் அந்த மூன்று மாத காலத்துக்குள் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்து பார்த்துச் சென்றார்கள். விஞ்ஞானிகள் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதன் குரலைப் பதிவு செய்தார்கள். ஈட்டியோடு போனவர்களே அதன் மரணத்துக்காக வருந்தும்படி ஆயிற்று.

கடற்பிராணிகளைக் காட்சிக்கு வைக்கும் கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றி நியாயமாகப் பேச விரும்புகிறவர் எவரும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம். ஏனெனில், மனிதனுடைய அச்சத்தை அன்பாக மாற்றியவர்கள் தாங்களே என்று அப்பூங்காக்களின் அதிபர்கள் சொல்லிவருவதில் பெரும் உண்மை உண்டு. துப்பாக்கி நிறுத்திய தலைமுறைக்கும், திமிங்கிலத்துக்காகக் கண்ணீர் விடும் தலைமுறைக்கும் இடையே இருபது ஆண்டு இடைவெளிகூட இல்லை. அந்த மாறுதலை நூல்களும் பிரசங்கங்களும் செய்துவிடவில்லை, ஒரு தொட்டியின் விளிம்பில் நின்று அந்த ஜீவனின் கண்ணைப் பார்த்த அநுபவமே செய்தது. இதை மறுப்பது சரித்திரத்தை மறுப்பதாகும். ஆனால் அந்த அன்பு பிறந்த மறுகணமே அதை விலைக்கு விற்கும் தொழிலும் பிறந்துவிட்டது என்பதையும் அதே சரித்திரம் சொல்கிறது.

1965ஆம் ஆண்டு கோடையில் டெட் கிரிஃபின் என்பவர், மீனவர் வலைக்குள் அகப்பட்ட ஓர் ஓர்க்காவை எட்டாயிரம் டாலருக்கு வாங்கிச் சியாட்டில் நகரத்துக்குக் கொண்டுவந்தார். நாமு என்ற அந்தப் பிராணிக்குத் துணையாகட்டும் என்று அவ்வாண்டே ஒரு பெண்குட்டியைப் பிடித்தபோது, அதன் தாய் ஈட்டிக்கு இரையாயிற்று. இரண்டும் ஒத்துப்போகாமற்போகவே, அந்தக் குட்டி, அதற்கு முந்தின ஆண்டில்தான் சான் டியேகோவில் திறக்கப்பட்டிருந்த சீவேர்ல்டு என்ற பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுதான் ஷாமு. உலகெங்கும் குழந்தைகள் அறிந்த அந்தப் பெயரை உடைய பிராணி 1971ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டது. பெயர் மட்டும் இறக்கவில்லை. அடுத்து வந்த ஓர்க்காவுக்கும், அதற்கு அடுத்ததற்கும் மேடையில் அதே பெயரைச் சூட்டி, ஒரே ஷாமு என்றென்றும் துள்ளிக்கொண்டிருக்கிறது என்று ஜனங்கள் நம்பும்படி காட்சி நடத்தினார்கள். ஒரு ஜீவன் இறந்ததற்காக அழவும் இடம் தராத இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கசக்கிறது.

பிடிக்கும் தொழில் பெருகிற்று. 1970 ஆகஸ்டு மாதம் 8ஆம் தேதி, வாஷிங்டன் மாகாணத்தில் பென் கோவ் என்ற சிறு விரிகுடாவுக்குள், படகுகளாலும் வெடிகளாலும் விரட்டி, எண்பதுக்கு மேற்பட்ட ஓர்க்காக்களை அடைத்தார்கள். குட்டிகளைத் தாய்களிடமிருந்து வலையிட்டுப் பிரித்தார்கள். ஏழு பிராணிகள் விலைபோயின. பிரிக்கும்போது வலையில் சிக்கி மூழ்கிய குட்டிகளின் வயிற்றைக் கிழித்து, கல்லை நிரப்பி, நங்கூரத்தைக் கட்டி, எவர் கண்ணுக்கும் படாதபடி ஆழத்தில் இறக்கிவிட்டார்கள். சில மாதங்களுக்குப் பின் அவ்வுடல்கள் கரையொதுங்கி வந்து, மறைத்ததை எல்லாம் ஊருக்குக் காட்டிவிட்டன. தெற்குவாழ் ஓர்க்காக்கள் என்று ஆராய்ச்சியாளர் குறிக்கும் அந்தச் சமூகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாற்பதுக்கும் அதிகமானவை பிடிபட்டோ இறந்தோ போயின. எஞ்சியவை ஏறத்தாழ எழுபது. 1976இல் ஒலிம்பியா நகரத்தருகே பட் நீர்வாயிலில் நடந்த கடைசி வேட்டையைத் தற்செயலாகக் கண்ட மாகாண அதிகாரி ரால்ப் மன்ரோ வழக்காட முன்வந்த பிறகே, வாஷிங்டன் கடலில் இந்தத் தொழில் நின்றது. அவற்றின் தொகை இன்றும் எழுபதைச் சுற்றியே நிற்கிறது. பிடித்துப் போனவை பெரும்பாலும் குட்டிகள் ஆதலால், வளர்ந்து ஈன்றிருக்கவேண்டிய ஒரு தலைமுறையே அந்தக் கடலில் இல்லாமற்போயிற்று.

இவ்வளவும் சொல்லிய பிறகு, அதே பூங்காக்களின் மறுபுறத்தைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. 1997 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே மரீனா டெல் ரே கரையில் பிறந்து சில நாட்களே ஆன ஒரு சாம்பல் திமிங்கிலக் குட்டி, தாயைப் பிரிந்து, நினைவு தப்பும் தறுவாயில் ஒதுங்கிக் கிடந்தது. அதைத் தூளியில் ஏற்றி, லாரியில் கிடத்தி, சான் டியேகோவின் சீவேர்ல்டுக்குக் கொண்டுசென்றார்கள். சாம்பல் திமிங்கிலத்தின் குட்டிக்குத் தாய்ப்பாலுக்கு ஈடாக எதைக் கொடுப்பது? கெட்டியான பாலேட்டையும் அரைத்த மீனையும் சத்து மருந்துகளையும் கூழாகக் கரைத்து, குழாய் வழியே வயிற்றுக்குள் இறக்கி, இரவென்றும் பகலென்றும் பாராமல் நீருக்குள் இடுப்பளவு நின்று ஊட்டினார்கள். ஜேஜே என்று பெயர் பெற்ற அந்தக் குட்டி, பதினான்கு மாதங்களில், மணிக்கு முக்கால் கிலோ வீதம் என்று சொல்லத்தக்கபடி எடை ஏறி, எட்டு டன்னைத் தாண்டி வளர்ந்தது. 1998 மார்ச் 31ஆம் தேதி, கடலோரக் காவற்படையின் கப்பலிலிருந்து தூளியோடு இறக்கி, வடக்கே தன் இனத்தார் வலசை போகும் பாதையில் விட்டார்கள். முதுகில் ஒட்டியிருந்த ஒலிபரப்பிக் கருவிகளைச் சில நாட்களுக்குள் உதறிவிட்டு, அது எவர் கண்ணுக்கும் எட்டாமல் மறைந்தது.

எட்டு டன் எடையுள்ள அபூர்வப் பிராணியைத் தங்கள் தொட்டியில் வைத்திருந்தவர்கள், சீட்டு வாங்கி வருவோர் அதைக் காண முட்டிமோதிய நாட்களில், அதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டார்கள். தொட்டி கொள்ளாத அளவுக்கு வளரும் பிராணியை வேறென்ன செய்வது என்று சிலர் சொல்லக்கூடும். பாலேட்டுக் கூழைத் தோளில் சுமந்து இரவுகளைக் கழித்த பணியாளர்களின் சிரத்தைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அவர்களுக்கு இருந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே நேர்மையாகச் சொல்லவேண்டும். 1971இல் மெக்சிகோவின் ஸ்காமன் உப்பங்கழியில், தாயோடு நீந்திக்கொண்டிருந்த ஜீஜீ என்ற சாம்பல் திமிங்கிலக் குட்டியை ஆராய்ச்சிக்கென்று அதே பூங்காவினர் பிடித்துவந்து, ஓராண்டு வளர்த்து விடுதலை செய்திருந்தார்கள். பறித்துவந்த குட்டியிடம் கற்ற பாடமே இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அநாதைக் குட்டியின் உயிரைக் காத்தது. இந்தக் கணக்கை எப்படி நேர்செய்வதென்று எனக்கு விளங்கவில்லை. நன்மை நன்மைதான், தீமையும் தீமைதான். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துவிடுவதற்கு மட்டும் என் மனம் இடங்கொடுக்கவில்லை. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிராணிகளை மீட்டதாக இன்று அந்த ஸ்தாபனம் சொல்லும் கணக்கையும் நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

இந்த விஷயத்தில் என் எண்ணத்தைத் தெளியவைத்தது 2002ஆம் ஆண்டின் ஒரு சம்பவம். அவ்வாண்டு ஜனவரியில், சியாட்டில் நகரத்தருகே, பயணிகளை ஏற்றிக்கொண்டு பெரும் படகுகள் ஓயாமல் போய்வரும் தடத்தில், ஏறக்குறைய இரண்டு வயதான ஓர் ஓர்க்காக் குட்டி தனியாக அலைவதைக் கண்டார்கள். ஓர்க்காக்கள் குடும்பத்தை விட்டுப் பிரியாதவை; ஒவ்வொரு குலத்துக்கும் அதற்கே உரிய பேச்சு வழக்கு உண்டு. குட்டியின் குரலைப் பதிவு செய்து கேட்டவர்கள், இது இந்தக் கடலைச் சேர்ந்ததன்று, வடக்கே கனடாக் கடலில் வாழும் வடக்குவாழ் சமூகத்தில் இன்ன குலத்தைச் சேர்ந்தது என்று நிர்ணயித்தார்கள். அதன் தாய் காணாமற்போயிருந்தது. ஸ்பிரிங்கர் என்று அழைக்கப்பட்ட அந்தக் குட்டியின் உடலெங்கும் தோல் கெட்டிருந்தது. பட்டினியால் சொந்த உடலையே எரித்து வாழ்ந்ததனால் அதன் மூச்சில் வர்ணத்தைக் கரைக்கும் திராவகத்தின் நெடி அடித்தது. உரச ஓர் உடல் கிடைக்காத அது, மிதந்துவந்த மரக்கட்டையோடு ஒட்டி உரசிக்கொண்டே நாட்களைக் கழித்தது. பிறகு படகுகளின் அடிப்புறத்தை உரசவும் ஆரம்பித்தது.

பிடித்துப் பூங்காவில் சேர்த்துவிடலாம் என்ற யோசனைக்கு அப்போது ஜனங்கள் இணங்கவில்லை. அமெரிக்க, கனடா அரசாங்கங்களும், பல தொண்டர் குழுக்களும், மோபி டாலை வைத்திருந்த அதே வான்கூவர் மீன்காட்சிச்சாலையும் கைகோத்தன. ஜூன் மாதத்தில் பிடித்து, கடலுக்குள்ளேயே கட்டிய வலையடைப்பில் ஒரு மாதம் வைத்திருந்து, புழுக்களைப் போக்கி, உயிருள்ள சால்மனை உண்ணச் செய்தார்கள். உணவு மனிதர்களிடமிருந்துதான் வருகிறது என்ற நினைவு அதற்குப் பதிந்துவிடக்கூடாதென்று, மீன் கொடுப்பவர் அதன் கண்ணில் படாதபடி பார்த்துக்கொண்டார்கள். பரிவோடு தடவிக் கொடுக்கவேண்டுமென்று கை துடித்தபோதெல்லாம் கையை மடக்கிக்கொண்டு நின்ற அந்தப் பணியாளர்களின் அன்பே, என் கருத்தில், இந்தக் கதை முழுவதிலும் தலைசிறந்தது. ஜூலை 13ஆம் தேதி விரைவுப் படகில் ஏற்றி, ஜான்ஸ்டன் நீரிணையில் ஹான்சன் தீவின் ஒரு விரிகுடாவுக்குக் கொண்டுபோனார்கள். அக்கரைக்கு ஆதிகாலந்தொட்டு உரியவர்களான நாம்கீஸ் குடியினர், அடைப்புக்குள் உயிருள்ள சால்மன் மீன்களை நிரப்பி, தங்கள் மரக்கலங்களில் வந்து குட்டியை வரவேற்றார்கள். சுற்றத்தார் அவ்வழியே வந்தபோது குட்டி உரத்துக் கூவிற்று. மறுநாள் அடைப்பைத் திறந்துவிட்டார்கள். முதலில் சில நாட்கள் படகுகளை நாடிச் சென்ற அதை, வயதில் மூத்த ஒரு பெண் ஓர்க்கா தன்னோடு அணைத்து, படகுகளிடமிருந்து விலக்கி நடத்திச் சென்றதைக் கண்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 2013இல் ஸ்பிரிங்கர் தன் முதற்குட்டியோடு காணப்பட்டது. 2017இல் இன்னொன்று பிறந்தது.

எல்லாப் பிராணியும் இப்படித் திரும்பிவிட முடியாது. ஒரு திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்ற கெய்கோ, 1979இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிபட்டு, கனடா, மெக்சிகோ முதலிய இடங்களில் இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தொட்டிகளில் வாழ்ந்த பின், கோடிக்கணக்கான பணச் செலவில் 1998இல் தன் தேசத்துக் கடலுக்குக் கொண்டுபோகப்பட்டது. 2002இல் அது தானாகவே சமுத்திரத்தைக் கடந்து நார்வேக்குச் சென்றது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததும் தேடியது தன் இனத்தை அன்று, கரையிலிருந்த மனிதர்களை. அடுத்த ஆண்டு டிசம்பரில் நுரையீரல் நோயால் இறந்தது. இதைத் தோல்வி என்று கூறி, விடுதலையே வீண் என்று வாதிப்பவர்கள் உண்டு. ஐந்து ஆண்டுகள் கடல்நீரில் அலையடித்த வாழ்வை அது பெற்றது என்பதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனினும், குட்டிப் பருவத்தில் உறவை அறுத்துவிட்டால் பின்னர் எந்தச் செல்வத்தாலும் அதை முழுமையாக ஒட்டவைக்க இயலாது என்பதை அந்த ஜீவன் நமக்குக் காட்டிச் சென்றது உண்மை.

அடைத்துக் காப்பதே வழி என்ற நிலையும் சில இனங்களுக்கு நேர்வதுண்டு. காலிபோர்னியாவின் காண்டார் என்னும் பெருங்கழுகு 1987இல் உலகில் இருபத்தேழே எஞ்சியபோது, ஒவ்வொன்றையும் பிடித்துச் சான் டியேகோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் மிருகக்காட்சிச்சாலைகளில் வளர்த்து, மறுபடியும் மலைகளில் பறக்கவிட்டு, இன்று ஐந்நூறுக்கு மேலாக்கியிருக்கிறார்கள். அதே நம்பிக்கையோடு 2017இல் மெக்சிகோ நாட்டின் வளைகுடாவொன்றில், முப்பதுக்கும் குறைவாக எஞ்சியிருந்த வகீட்டா என்னும் சின்னஞ்சிறு கடற்பன்றியைக் காக்க, பூங்காக்களின் வல்லுநர்கள் உள்படப் பல நாட்டார் கூடினார்கள். முதலில் அகப்பட்ட குட்டி துடித்ததைக் கண்டு உடனே விட்டுவிட்டார்கள். அடுத்து அகப்பட்ட பெண் வகீட்டா சில மணி நேரத்தில் மாண்டது. அந்தப் பிரயத்தனம் அன்றோடு கைவிடப்பட்டது. வகீட்டாவைக் கொல்வது, வேறொரு மீனுக்காகத் திருட்டுத்தனமாக விரிக்கப்படும் செவுள்வலை. வலையை நிறுத்தும் துணிவு அரசாங்கத்துக்கு இல்லாதபோது, விலங்கைக் குளத்தில் வைத்துக் காக்கும் சாமர்த்தியம் என்ன செய்ய முடியும்?

இதையே புளோரிடாவில் கடற்பசுக்களிடத்தும் காண்கிறோம். படகின் சுழல்விசிறியால் வெட்டுண்டவற்றையும் தாயிழந்தவற்றையும் மீட்டு, புட்டிப்பால் ஊட்டி, மறுபடியும் ஆற்றில் விடும் பணியில் ஆர்லாண்டோவின் சீவேர்ல்டு பூங்காவினருக்கு ஈடானவர் அநேகர் இல்லை. ஆனால் 2021ஆம் ஆண்டில் அந்த மாகாணத்தில் ஏறக்குறைய ஆயிரத்து நூறு கடற்பசுக்கள் இறந்தன. வீடுகளின் கழிவுநீரும் தோட்டங்களின் உரமும் கலந்து, பாசி மண்டி, வெயில் புகாமல், இண்டியன் ரிவர் என்ற நெடிய உப்பங்கழியின் கடற்புல் படுகைகள் அழிந்ததனால், அவற்றுள் பல பட்டினியால் மாண்டன. அடுத்த குளிர்காலத்தில் அதிகாரிகள் கீரைக் கட்டுகளை டன் கணக்கில் தண்ணீரில் வீசிப் பசியாற்றினார்கள். சிகிச்சைக் குளங்கள் நிரம்பி வழிந்தன. தேறிய பிராணியை எந்தப் புல்வெளியில் கொண்டுபோய் விடுவது என்ற கேள்விக்கு மருத்துவரிடம் விடை இல்லை.

கடற்பசுவின் நெருங்கிய உறவினம் நம்முடைய பாக் நீரிணையிலும் மேய்கிறது. நம் மீனவர் அதை ஆவுளியா என்பார்கள். 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கான காப்பகமாக அறிவித்தது. அங்கே தொட்டி இல்லை, மேடை இல்லை, அநுமதிச் சீட்டும் இல்லை. ஆவுளியா வலையில் அகப்பட்டால், அறுந்த வலையின் நஷ்டத்தையும் பொருட்படுத்தாமல் அறுத்துவிடும் மீனவரும், அவரை அழைத்துப் பாராட்டிப் பரிசளிக்கும் வனத்துறையும், கீழே பச்சையாக இருக்கும் கடற்புல்லுமே அதற்குப் பாதுகாப்பு. ஒரு தலைமுறைக்கு முன் அந்த இறைச்சியை உண்டு பழகிய ஊர்களில், எந்தக் காட்சியையும் பார்க்காமலே இந்த மனமாற்றம் நிகழ்ந்திருக்கிறது. கண்டால்தான் அன்பு வரும் என்ற பூங்கா அதிபர்களின் வாதத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரியாது. சென்னைக்கு அருகே 1990களின் இறுதியில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களுக்குள்ளேயே மடிந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். டால்பின்களைக் கேளிக்கைக்காக அடைத்துவைப்பது அறத்துக்கு ஒவ்வாதது என்று கூறி, அத்தகைய காட்சிசாலைகளுக்கு 2013 மே மாதத்தில் மத்திய அரசு தடைவிதித்தது, அறிந்து எடுத்த முடிவேயாகும்.

அதே 2013இல் அமெரிக்காவில் வெளியான ‘பிளாக்ஃபிஷ்’ என்ற ஆவணப்படம், திலிகம் என்ற ஆண் ஓர்க்காவின் வரலாற்றைச் சொல்லிற்று. 1983இல் ஐஸ்லாந்தில் பிடிபட்ட அது, 1991இல் ஒரு பயிற்சியாளரும் 2010இல் மற்றொருவரும் உயிரிழக்கக் காரணமாயிற்று. கடலில் மனிதனைக் கொன்றதாக எந்தச் சான்றும் இல்லாத இனம் தொட்டியில் ஏன் இப்படியாயிற்று என்று கேட்ட ஜனங்கள், சீட்டு வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்கள். 2016 மார்ச்சில் சீவேர்ல்டு தன் ஓர்க்காக்களை இனி இனப்பெருக்கம் செய்விப்பதில்லை என்று அறிவித்தது. நிர்ப்பந்தத்தால் எடுத்ததாயினும் நல்ல முடிவு. ஆனால் இன்னும் பல பிராணிகள் அத்தொட்டிகளிலேயே உள்ளன. அவற்றுள் கார்க்கியைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது.

கார்க்கி, 1969 டிசம்பரில் கனடாவின் பெண்டர் துறையில், இன்னும் தாயை விட்டகலாத குட்டியாக இருக்கையில் பிடிபட்டது. ஸ்பிரிங்கர் பிறந்த அதே வடக்குவாழ் சமூகத்தில், அதே குலத்தைச் சேர்ந்தது; அதன் தமர் இன்றும் கோடைதோறும் ஜான்ஸ்டன் நீரிணைக்கு வருகிறார்கள். முதலில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஒரு பூங்காவிலும், 1987 முதல் சான் டியேகோவிலும் வாழ்ந்துவரும் அது, ஏழு முறை கருவுற்றும் அதன் குட்டிகளில் ஒன்றுகூட ஐம்பது நாளைத் தாண்டி உயிர் வாழ்ந்ததில்லை. ஒரே குலத்துப் பெண் ஓர்க்காக்கள் இரண்டில் ஒன்றுக்குச் சுற்றம் திரும்பக் கிடைத்தது, மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் இடையே பேதம் செய்தது அவை பிடிபட்ட ஆண்டுதான்.

ஹான்சன் தீவில், ஸ்பிரிங்கரை விட்ட இடத்துக்குத் தொலைவில்லாத டபிள் பே என்ற விரிகுடாவை வலையால் அடைத்து, கார்க்கியை அங்கே குடியேற்றலாம் என்று அக்கடலில் நெடுங்காலம் ஆராய்ச்சி செய்துவரும் பால் ஸ்பாங்கும் அவருடைய துணைவர்களும் திட்டம் வகுத்திருக்கிறார்கள். தானே வேட்டையாடி வாழ அதனால் முடியாது. மருத்துவரும் இரையும் கடைசிவரை வேண்டும். ஆனால் அலையும் ஆழமும், வழியே போகும் உறவினரின் குரலும் அதற்குக் கிடைக்கும். முதுமையில் நெடும்பயணம் ஆபத்தாகலாம் என்று பூங்காவினர் சொல்லும் ஆட்சேபத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆயினும் பென் கோவில் பிடிபட்டு, மயாமியில் ஒரு சிறு தொட்டியில் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்த லோலிட்டா என்னும் டோக்கிட்டே, ஊருக்குக் கொண்டுபோகப்படும் என்ற அறிவிப்பு வந்த சில மாதங்களில், 2023 ஆகஸ்டில், அந்தத் தொட்டியிலேயே இறந்ததை நாம் பார்த்துவிட்டோம். ஜேஜேயைத் தூளியிலிட்டுக் கடலில் இறக்கிய கைத்திறன் சான் டியேகோவில் இருக்கிறது. ஓர் அநாதைக் குட்டிக்காக இரு தேசத்து அரசாங்கங்கள் ஒத்துழைத்த முன்மாதிரியும் இருக்கிறது. அமெரிக்காவின் கிளாமத் நதியில் நான்கு அணைகளை இடித்து முடித்த 2024ஆம் ஆண்டிலேயே, நூறாண்டுகளாக ஏற முடியாதிருந்த மேல்நீருக்குச் சால்மன்கள் முட்டையிட ஏறிவிட்டன. ஓர்க்காவின் இரை பெருகும் வழியையும் செய்யத் துணிந்தவர்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள். கார்க்கிக்கு வயது ஏறக்குறைய அறுபது ஆகிவிட்டது. அதன் விஷயத்தில் இன்னும் ஆலோசனை என்று காலத்தைக் கடத்துவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தென்படவில்லை.